ஐந்தாம் மாடியில் ஓர் அறை

வுப்பர்டால்
சனிக்கிழமை காலை

அன்பு மகள் சயந்தினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அப்பாவின் சீனி வருத்தம் மருந்துக்கு அடங்கி நிற்கிறது, என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் முணுமுணுக்கிறது, மழை வழமைபோல. நீ தாய்பேயில் ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் உடம்பைக் கவனித்து இருக்கவேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். சுரேனுக்கு பீலெஃபெல்டில் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள், வீடு மாறுகிறான், அதற்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கச் சொல்லி என் தலையில் கட்டியிருக்கிறான், கடையில் வாங்கினால் என்ன என்று கேட்டால் அம்மா தைத்ததுபோல வராதாம், பார்த்தாயா கதையை. கிழமைக்கு மூன்று தரம் போனில் கதைக்கிற நாங்கள் இப்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கினால் நீ நடுவில் நாலு கேள்வி கேட்பாய், பிறகு நான் எங்கே விட்டேன் என்று எனக்கே தெரியாமல் போய்விடும், பத்திரிகைக்காரியைப் பெற்றால் அப்படித்தான். வியாழக்கிழமை நடந்ததை உனக்கு ஒழுங்காகச் சொல்லவேண்டும், ஒன்றும் விடாமல்.

உன் சஞ்சிகை மாதாமாதம் வந்து சேர்கிறது. எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாவிட்டாலும் முதற்பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டாமல் விடமாட்டேன். அட்டையில் சைக்கிளில் போகிற ஓய்வுபெற்ற சோடிகள், உள்ளே ஏறி இறங்குகிற கோடுகள், வட்டி வீதங்கள், உன் கட்டுரைக்கு மேலே முத்திரை அளவில் உன் முகம். உங்கள் ஊரில் பங்கு ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது, அதுவரைக்கும் சிவப்பைக் கண்டால் யாரோ பாவங்கள் நட்டப்பட்டுவிட்டார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். மேல்மாடிப் பிறேமா அக்காவும் வந்தால் எடுத்துப் பார்ப்பார். உங்கடை மகள் காசுப் புத்தகத்திலைதானே வேலை, எங்களுக்கும் ஒரு நல்ல பங்கு சொல்லச் சொல்லுங்கோவன் என்று ஒவ்வொரு தரமும் கேட்பார். பங்கு சொல்லுறது அவவின்ரை வேலை இல்லை அக்கா, சொல்லுறவையை நம்பலாமோ எண்டு பாக்கிறதுதான் அவவின்ரை வேலை என்று நான் சொல்வேன். நீ சொல்லித் தந்ததைத்தான் சொல்கிறேன், ஆனால் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமை, அதை மறைக்க மாட்டேன்.

மாசி மாத இதழில் அந்த விளம்பரம் வந்தது. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முதலில் இருந்து எழுதினால்தான் எனக்கு வரிசையாக வரும். கடைசி அட்டையின் உட்பக்கம், முழுப்பக்கமும் கண்ணாடி பதித்த ஒரு பெரிய கட்டடம், வாசலில் புத்தகங்களோடு வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதன் கீழே மிகச் சிறிய எழுத்தில் ஜெர்மன் மொழியில் ஒரு முகவரி. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பார்மன் பகுதியில், நாடா நெய்கிற தொழிற்சாலை இருந்த தெரு, அதே இலக்கம். நீ பிறக்க முதலிருந்து, அதை மூடுமட்டும் பத்தொன்பது வருஷம் நான் கூட்டித் துடைத்த கட்டடம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரே பேரிலை எத்தினை தெரு இருக்கும், நீர் சும்மா இரும் என்றார். பிறகு தபால் இலக்கத்தைப் பார்த்துவிட்டு அவரும் சும்மா இருந்துவிட்டார். உன்னிடம் சொன்னபோது அங்கே மாணவர் விடுதி கட்டி முடித்துவிட்டார்களாம், ஒவ்வொரு அறையாக விற்கிறார்களாம், வாங்குகிறவருக்கு மாதாமாதம் வாடகை நிச்சயமாம் என்று நீ அந்தச் சீன எழுத்தை வாசித்துச் சொன்னாய். அம்மா, ஒருக்கா நேரிலை போய்ப் பாத்துச் சொல்லுங்கோ என்றாய். அடுத்த நாளே தொங்கு ரயில் ஏறிப் போனோம். படலைக்குச் சங்கிலி, யன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை, கூரையில் ஆள் உயரத்துக்கு மரம் முளைத்து நிற்கிறது, உள்ளே புறாக்கள். படம் எடுத்து அனுப்பினேன். அன்றைக்கு உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன், ஒவ்வொரு படம் எடுத்த பிறகும் போனைக் கைப்பைக்குள் ஒளித்தேன். யாராவது வந்து நீ யார், ஏன் எடுக்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயம். அப்பா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தபடி கெதியா எடும், போவம் என்று அவசரப்படுத்திக்கொண்டே நின்றார். முப்பத்தெட்டு வருஷம் இந்த நாட்டில் இருந்து, பதினேழு வருஷம் இந்த நகரத்து பஸ்ஸை ஓட்டிய மனிதன், ஒரு பாழ் கட்டடத்துக்கு முன்னால் கள்ளனைப்போல நின்றார். வீடு வந்த பிறகு இரண்டு பேருக்கும் அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

பிறகு நீ தேடித் தேடி விசாரித்து, என்னைப் பெயர் போடாமல் உள்ளூர்வாசி ஒருவர் என்று குறித்து எழுதிய கட்டுரை சித்திரை இதழில் வந்தது, விளம்பரமும் நின்றது, உன் ஆசிரியரின் முகமும் கறுத்தது. போன கிழமை நீ போன் எடுத்து, அறை வாங்கப் பதிந்த ஒரு அம்மா ஐரோப்பாச் சுற்றுலாவில் வருகிறார், கட்டடத்தைத் தன் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டாராம், கொஞ்சம் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட முடியுமா என்று கேட்டாய். நீ கேட்ட விதத்திலேயே உனக்கு மனம் சரியில்லை என்று தெரிந்தது. வியாழக்கிழமை காலை கொலோன் ஸ்டேசனுக்குப் போனோம். திருமதி சென் என்னைவிடக் கட்டை, மெலிந்த உடம்பு, வயது அறுபத்தெட்டு, சிவப்பு மழைச்சட்டை, தோளில் சுற்றுலாக் கம்பனிக்காரர் கொடுத்த மஞ்சள் பை. கையில் உன் சஞ்சிகையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அதை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். கதைக்க ஒரு மொழியும் பொதுவாக இல்லை. சுரேன் என் போனில் மொழிபெயர்க்கிற வசதி ஒன்று போட்டுத் தந்திருந்தான். நான் அதில் தமிழிலே, காலமை சாப்பிட்டிட்டீங்களோ என்று கேட்டேன், போன் சீனத்தில் என்னத்தைச் சொன்னதோ தெரியாது, அந்த அம்மா தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். பிறகு ஜெர்மனில் சொன்னேன், அது சரிவந்தது. ரயிலில் நான் கட்டிக்கொண்டு போன இடியப்பத்தையும் சம்பலையும் கொடுத்தேன், உறைக்கிறது என்று கண்ணைத் துடைத்துத் துடைத்து முழுதும் சாப்பிட்டார்.

ரயிலிலேயே தன் கதையைச் சொன்னார். தைனானில் தபால் கந்தோரில் முப்பத்தைந்து வருஷம் வேலை செய்தவர், கணவர் இல்லை, ஒரே மகன். கையில் மாதம் ஒரு தொகை வந்தால் மருமகளிடம் ஒன்றும் கேட்கத் தேவையில்லை என்று நினைத்து அந்த அறைக்குப் பதிந்திருக்கிறார், முற்பணமும் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை நீ கேட்டால் உனக்கு வலிக்கும், ஆனால் நான் மறைக்கப் போவதில்லை. பதினொரு வருஷமாக உங்கள் சஞ்சிகையை வாங்கி வாசிக்கிறேன், அதிலே வந்த விளம்பரம் என்றபடியால்தான் நம்பினேன் என்றார். போன் அதை ஜெர்மனில், உணர்ச்சி ஒன்றும் இல்லாமல், நேரம் அறிவிக்கிறமாதிரிச் சொன்னது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நீ போடவில்லை அந்த விளம்பரத்தை, எனக்குத் தெரியும், ஆனாலும் உன் முகம் இருக்கிற புத்தகம்தானே. அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன், அதற்குப் போன் தேவைப்படவில்லை, விளங்கிக்கொண்டார்.

கட்டடத்துக்கு முன்னால் போய் நின்றதும் அவர் விளம்பரத்தைப் பிரித்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு, படத்தையும் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையில் இருந்து தன் ஒப்பந்தத்தை எடுத்து ஒரு இலக்கத்தைக் காட்டினார், 512. ஐந்தாம் மாடி, பன்னிரண்டாம் அறை. கீழே பழசாக இருந்தாலும் இருக்கும், என்ரை அறை மேலை, மேலை திருத்தியிருப்பினம் என்று அவர் மனதில் ஒரு நினைப்பு, அதுதான் இவ்வளவு தூரம் வரவைத்திருக்கிறது. என்னிடம், நீங்கள் இங்கே வேலை செய்தவர்தானே, ஐந்தாம் மாடி எது, காட்டுங்கள் என்றார். நான் என்ன செய்ய. விரலை நீட்டி எண்ணிக் காட்டினேன். இது தறிகள் நின்ற தளம், இது நாடா சுற்றுகிற தளம், இது கந்தோர். மூன்று. அதற்கு மேலே கூரை, கூரைக்கு மேலே அந்த மரம், அதற்கு மேலே வானம். அவரும் தன் விரலால் ஒருதரம் எண்ணினார். பிறகு அவரது விரல் நாலு, ஐந்து என்று வெறும் வானத்திலேயே இரண்டு தரம் ஏறி நின்றது. அழப்போகிறார் என்று நினைத்து நான் அவர் கையைப் பிடித்தேன். சயந்தினி, அவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வர, தெருவில் போன ஒரு பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பயந்துபோனார். பிறகு சிரிப்பு நின்றது, கொஞ்ச நேரம் படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், நானும் பக்கத்தில் நின்றேன், அப்போது அழுதார். அதுவும் கன நேரம் இல்லை.

அதற்குள் அப்பா அந்த ஒப்பந்தத்தின் ஜெர்மன் பக்கத்தை வாங்கி வாசித்துக்கொண்டிருந்தார். உனக்குத் தெரியும்தானே, கடதாசி கையில் கிடைத்தால் அவர் முற்றுப்புள்ளியையும் விடமாட்டார். திடீரென்று, மலர், இதிலை உறுதி எழுதுற நொட்டார் எண்ட சொல்லே இல்லை என்றார். நொட்டார் இல்லாமல் இந்த நாட்டிலை ஒரு கோழிக்கூடும் விக்கேலாது, இது வெறும் கடதாசி என்றார். பிறகு அவரே, பொலிசுக்குப் போவம் என்றார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். பொலிஸ் தொப்பியைக் கண்டால் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போகிற ஆள், தானாகச் சொல்கிறார். பொலிஸ் ஸ்டேசன் வாசலில் போய் ஒரு நிமிஷம் நின்று சட்டையைச் சரிசெய்துவிட்டு எங்களுக்கு முன்னாலேயே உள்ளே போனார். ஒரு இளம் பெண் பொலிஸ்தான் இருந்தார், பொறுமையான பிள்ளை. ஒழுங்கான மொழிபெயர்ப்பாளரோடு பிறகு நாள் குறித்து ஒரு டெர்மின் வைப்பார்களாம், அதுவரைக்கும் நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்கிறேன் என்றார். நீங்கள் இந்த அம்மாவுக்கு என்ன முறை என்று என்னைக் கேட்டார். ஒரு முறையும் இல்லை, அந்தக் கட்டடத்தைப் பத்தொன்பது வருஷம் துப்புரவு செய்த ஆள் நான், அதிலே எத்தனை மாடி, எத்தனை கதவு, எந்தக் குழாய் ஒழுகும் என்று எனக்குத் தெரியும் என்றேன். அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தி என்னைப் பார்த்தார், பிறகு அதை அப்படியே, சொல்லுக்குச் சொல் எழுதினார். இப்போது திருமதி சென் கையில் ஒரு வழக்கு இலக்கம் இருக்கிறது. அறை வாங்கின மற்றவர்களும் அந்த இலக்கத்தைச் சொல்லித் தங்கள் முறைப்பாட்டைச் சேர்க்கலாமாம். கட்டின முற்பணம் திரும்பி வருமோ என்று சொல்ல முடியாது என்று அந்தப் பொலிஸ் பிள்ளை ஒளிக்காமல் சொன்னார்.

ஆனால் நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், உன்னிடம் அவர் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கொலோனுக்குத் திரும்பிப் போகிற ரயிலில்தான் எங்களுக்குச் சொன்னார். மீதிப் பணத்துக்காகத் தன் கணவர் விட்டுப்போன வீட்டை விற்க எல்லாம் பேசி முடித்திருந்தாராம். கையெழுத்து வைக்கிற நாளுக்கு இரண்டு நாள் முந்தி உன் கட்டுரை வந்த இதழ் அவர் வீட்டுக்கு வந்திருக்கிறது. வாசித்துவிட்டு முதலில் உன்மேல்தான் கோபம் வந்ததாம், யார் இந்தப் பெண், எங்கேயோ இருந்து வந்து என் அறையைப் பற்றி எழுத என்று. கோபத்தோடுதான் கையெழுத்தைத் தள்ளிப் போட்டாராம், நேரில் பார்த்துவிட்டு வந்து உன்னை ஒரு கை பார்ப்பதற்கு. வீடு இன்னும் அவருடைய பெயரில்தான் இருக்கிறது பிள்ளை. ரயில் மேடையில் பிரியும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு போனில் ஒன்று சொன்னார். நம்பினதும் அந்தப் புத்தகத்தாலே, தப்பினதும் அந்தப் புத்தகத்தாலே, உங்கள் மகளிடம் சொல்லுங்கள், நான் சந்தாவை நிறுத்தப் போவதில்லை, ஆனால் இனி விளம்பரங்களையும் கட்டுரைகளைப்போலவே விசாரித்துப் போடச் சொல்லுங்கள் என்று. இதை உன் ஆசிரியரிடம் அப்படியே சொல். கறுத்த முகத்தோடு கேட்டாலும் கேட்கட்டும்.

இனி நீ போன ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்கு வருகிறேன். அந்தக் கம்பனிக்காரரின் சட்டத்தரணி கடிதம் போட்டிருக்கிறார், உன் கட்டுரையில் வருகிற உள்ளூர்வாசி ஒருவர் என்று யாருமே இல்லை, கற்பனை, மறுப்புப் போடு என்று. பெயரோடு ஒரு சாட்சி கையெழுத்து வைத்த வாக்குமூலத்தின் மூலப் பிரதி இருந்தால் அடுத்த கட்டுரையைப் போடலாம், இல்லாவிட்டால் மறுப்புத்தான் போடவேண்டும் என்று உன் ஆசிரியர் சொல்லிவிட்டார். நீ எவ்வளவு தயங்கித் தயங்கிக் கேட்டாய், அம்மா, உங்கடை பேரைப் போடலாமோ, வேண்டாமெண்டால் வேண்டாம், நான் வேறை வேலை தேடுவன், அது ஒண்டும் பெரிய விஷயமில்லை என்று. நான் பிறகு சொல்லுறன் என்று போனை வைத்துவிட்டேன், நான் பயந்துவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். அன்றைக்கு உண்மையில் பயம்தான். நாங்கள் இங்கே வந்த காலத்தில் ஒரு கடதாசியில் பெயர் இருந்தால் அதனால் என்ன வருமோ என்று நடுங்கினவர்கள், அன்ட்ராக் என்று ஒரு விண்ணப்பம் நிரப்பினாலும் இரவெல்லாம் நித்திரை வராது. வெளியிலே பெயர் தெரியாமல் வாழ்வதுதான் நல்ல வாழ்க்கை என்று உங்களுக்கும் சொல்லித்தான் வளர்த்தோம். ஆனால் வியாழக்கிழமை அந்தப் பொலிஸ் பிள்ளைக்கு முன்னால் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி எழுதுவித்தேன், கூரை இடிந்து விழவில்லை. பொய் சொல்கிறவன் கண்ணாடி மாளிகையைப் போட்டு முழுப்பக்கத்தில் சிரிக்கிறான், கண்ணால் கண்டதைச் சொல்கிற நான் ஏன் உள்ளூர்வாசி ஒருவராக ஒளித்து நிற்கவேண்டும்?

என் பெயரைப் போடு. முழுப் பெயரையும் போடு. அதற்குப் பக்கத்தில் உள்ளூர்வாசி என்று போடாதே, அந்தக் கட்டடத்தைப் பத்தொன்பது வருஷம் துப்புரவு செய்தவர் என்று போடு. நீ படித்த படிப்புக்குத் தாயின் தொழிலை எழுதக் கூச்சமாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தேன், பிறகு நினைத்ததற்கு நானே வெட்கப்பட்டேன், என் பிள்ளை அப்படி இல்லை. நேற்று சுரேன் வந்து நின்று ஜெர்மனில் வாக்குமூலத்தை அடித்துத் தந்தான், நான் கையெழுத்து வைத்தேன், அதை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். ஒரு இடத்தில் காற்புள்ளி பிழை என்றார். பிறகு குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, இரண்டாவது சாட்சிக்கு ஏன் இடம் விடேல்லை என்று சுரேனைக் கேட்டார். நானும்தானே பாத்தனான், கொம்மாவைத் தனிய முன்னுக்கு விட்டிட்டு நான் பின்னாலை நிக்கிறதோ என்றார். கீழே பார், ஆனந்தராசா என்று அவர் எவ்வளவு பெரிய எழுத்தில் வைத்திருக்கிறார் என்று. அவர் தன் ஓய்வூதியக் கடதாசியிலும் அவ்வளவு பெரிதாக வைக்கவில்லை.

வேலையை விடுவதென்றால் விடு, அது உன் விருப்பம், நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம். ஆனால் இந்தக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டு விடு, எங்களுக்காகப் பயந்து அதை விடாதே. உனக்குச் சீனம் படிக்க ஆசை வந்தபோது ஊரெல்லாம் ஏன் என்று கேட்டது, எங்களுக்கும் அப்போது பதில் தெரியாது, நீ பிடிவாதமாக நின்றாய், நாங்கள் நம்பி உன்னை விட்டோம். இப்போது யாராவது கேட்டால் நான் தைனானில் ஒரு வீட்டைக் காட்டுவேன்.

மாதா உன்னை எப்போதும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும், உன் எழுத்துக்கும் உன் உடம்புக்கும் ஒரு கேடும் வரக்கூடாது. ஆவணியில் கெவலார் மாதா திருவிழாவுக்குப் போகும்போது உனக்கும் திருமதி சென்னுக்கும் சேர்த்து ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன், அவர் எந்தச் சமயம் என்று கேட்க மறந்துவிட்டேன், பரவாயில்லை. உன் பாஸ்போர்ட் ஐப்பசியில் முடிகிறது, இப்போதே டெர்மின் எடு, கடைசி நேரத்தில் ஓடித்திரியாதே. உறை கிடைத்ததும் போன் எடு. இந்த முறை நடுவில் எத்தனை கேள்வியும் கேட்கலாம்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா
மரியமலர் ஆனந்தராசா